மூன்றாம் கிழமைப் பெட்டி

முதலில் தந்த பேனை ஒழுகியது. மாற்றித் தந்ததற்கு நன்றி. விரலில் மை பட்டால் எனக்கு வேலை ஓடாது. பத்தொன்பது வருடம் மருந்துக்கடையில் நின்ற பழக்கம் அது. தமிழிலேயே எழுதுங்கள், பிறகு ஆள் வைத்து மொழிபெயர்ப்போம் என்று சொன்னீர்கள். நல்லது. ஆங்கிலத்தில் எனக்கு மருந்துகளின் பெயரும் மன்னிப்புக் கேட்கிற வசனங்களும்தான் தடங்கலில்லாமல் வரும். அவை இரண்டையும் வைத்து இதைச் சொல்லி முடிக்க ஏலாது.

என் பெயர் எமில்டா. வயது அறுபத்திரண்டு. கோலியர்ஸ் வுட்டில் பியற்றிஸ், சவிரிமுத்து தம்பதியின் வீட்டு மேலறையில் இருக்கிறேன். என் கணவர் லண்டன் வந்த சில வருடத்தில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். அப்போது ஒரு சூட்கேசோடு இந்த வீட்டுக்கு வந்தேன். இரண்டு கிழமை இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் வந்தேன். பதினெட்டு வருடம் ஆகிறது.

பியற்றிஸும் நானும் யாழ்ப்பாணத்தில் சிஸ்டர்மார் நடத்திய விடுதியில் ஒரே மேசையில் ஏழு வருடம் சாப்பிட்டவர்கள். எனக்கு அப்போதே மீன் முள்ளென்றால் பயம். ஒரு தரம் தொண்டையில் சிக்கி, சிஸ்டர் வெறுஞ்சோற்றை உருட்டி உருட்டித் தந்தும் போகவில்லை. அதற்குப் பிறகு பியற்றிஸ் தன் கையால் முள்ளை எடுத்துவிட்டுத்தான் மீனை என் பக்கம் தள்ளுவாள். லண்டன் வந்த பிறகும் அப்படித்தான். சவிரி அண்ணை பார்த்துச் சிரிப்பார். "எனக்கு நாப்பது வருசத்தில ஒரு முள்ளு எடுத்துத் தந்திருப்பாளோ கேள் தங்கச்சி," என்பார்.

சவிரி அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இருபத்துநாலு வருடம் லண்டன் பஸ் ஓட்டினவர். நிறையப் பேசுவார்; பேசுவதில் பாதி பகிடி. மழை நாட்களில் நான் வேலை முடிந்து வரும்போது குடையோடு ரயில் ஸ்டேஷன் வாசலில் நிற்பார். தன் தங்கச்சியைக்கூட அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார் என்று பியற்றிஸ் சொல்லுவாள். நடந்ததை அவர்மேலிருந்த கோபத்தால் செய்தேன் என்று யாராவது எழுதினால் அது பொய். அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு இதயம் தாளம் தப்பி அடிக்கிற வருத்தம், ஆறு வருடமாக. இந்த வருத்தக்காரருக்கு இதயத்துக்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். கட்டி மூளைக்கு ஏறினால் வாதம். அது வராமல் இருக்கக் காலையும் பின்னேரமும் ஒரு சின்னக் குளிசை போட வேண்டும். அதோடு பிரஷருக்கும் கொழுப்புக்கும் வேறு வேறு குளிசைகள். ஏழு நாளுக்கு ஏழு அறை போட்ட பிளாஸ்டிக் பெட்டி தெரியும்தானே. அதில் அவருடைய குளிசைகளை அடுக்குவது என் வேலை. ஞாயிறு பூசை முடிந்து வந்து, பியற்றிஸ் குசினியில் குழம்புக்குப் புளி விடுகிற நேரத்தில், சாப்பாட்டு மேசையில் வைத்து அடுக்குவேன். அவர் முன்கதிரையில் இருந்து பார்ப்பார்.

"தங்கச்சி அடுக்கேக்க சுவாமியார் நற்கருணை அப்பம் எடுக்கிற மாதிரிக் கிடக்கு," என்று ஒரு நாள் சொன்னார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

குளிசைகளின் பெயர் அவருக்குத் தெரியாது. எண்ணிக்கை தெரியும். காலை நாலு, பின்னேரம் மூன்று. எண்ணிப் பார்த்துவிட்டு மூடியை அழுத்துவார்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்கு விளங்காது. எங்கள் கோயில் பங்கில் யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் முதலில் எனக்குத்தான் போன் அடிப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமிக்குத் தலைச்சுற்று, எதுவானாலும் "எமில்டா அக்காவை ஒருக்காக் கேட்டிட்டு" என்று தொடங்குவார்கள். நான் டொக்டர் இல்லை, பெட்டியில் லேபல் ஒட்டுகிறவள் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்கள் இல்லை. ஜிபி டொக்டரின் அப்பொயின்ட்மென்ட் மூன்று கிழமை தள்ளித்தான் கிடைக்கும். எமில்டா அக்கா இரண்டாவது மணி அடிக்கிறபோதே போனை எடுப்பாள். நான் வேலை செய்த கடைக்கும் இந்த விஷயத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர்களை அலைக்கழிக்க வேண்டாம்.

போன பெப்ரவரியில், ஒரு சனிக்கிழமை, பியற்றிஸ் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டு இருந்தாள். இந்த நாட்டுப் பருப்பில் கல் கிடையாது, ஆனாலும் அவள் பொறுக்குவாள். அப்போதுதான் அவுஸ்திரேலியாப் பயணத்தைச் சொன்னாள்.

அவர்களுக்குக் கலியாணம் முடிந்து நாற்பதாவது வருடம். அந்த நாற்பதில் இரண்டு பேரும் தனியாகப் போன பயணம் என்று ஒன்று இல்லை. தாலி கட்டிய கிழமை ஊரடங்கு. பிறகு இடம்பெயர்வு, பிறகு லண்டன், பிறகு ஷிப்ட். மகன் ஜெஸ்ரின் மெல்பேணில் இருக்கிறான். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அவனுடைய வீட்டில் நிற்பது, அதற்குப் பிறகு ஒரு காரை எடுத்துக்கொண்டு இருவரும் மட்டும் போவது என்று திட்டம். பலரற், மோல்டன், பெண்டிகோ என்று பழைய பொன் ஊர்கள். ஒரு காலத்தில் அங்கே மண்ணைக் கிண்டினால் பொன் வருகிறது என்று உலகமே அள்ளுப்பட்டுப் போனதாம். அதற்கு அப்பால் வடக்கே திராட்சைத் தோட்டங்கள். உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின தபசு காலத்தில் சவிரி அண்ணை ஒரு சொட்டும் தொடமாட்டார். அதனால்தான் பயணத்தை உயிர்த்த ஞாயிற்றுக்குப் பின்னால் தள்ளி, வைன் ஊர்களைக் கடைசியில் போட்டிருந்தார்கள். முதலில் பொன், பிறகு வைன் என்று அவர் பஸ் ரூட் மாதிரி விரலை மடக்கிச் சொன்னார்.

"பொன் முடிஞ்ச உடனை சனமெல்லாம் விட்டிட்டுப் போட்டுதாம் தங்கச்சி. கட்டிடங்கள் மட்டும் அப்பிடியே நிக்குதாம்," என்றார்.

போகாமல் யாராவது ஒருத்தி இருந்திருப்பாள் என்று நான் நினைத்தேன்.

"எமில்டாவும் வரட்டுமன்," என்று அவர்தான் கேட்டார். பியற்றிஸ் பருப்பை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"இது எங்கட ரெண்டு பேற்றை பயணம், இஞ்சேருங்கோ. அவள் குறை நினைக்க மாட்டாள்."

நான் குறை நினைக்கவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு புருசனும் பெண்சாதியும் தனியாகப் போக ஆசைப்பட்டால் அதில் என்ன குறை. ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை.

"அந்தப் பக்கம் ஒரு சின்ன ரவுனில ஜெஸ்ரின் வீடு பாத்து வைச்சிருக்கிறான். பிடிச்சால் அங்கையே இருந்திடுவம் எண்டு யோசிக்கிறம். எனக்கும் இந்தக் குளிர் ஏலாது, எமி."

"அப்ப இந்த வீடு?" என்று கேட்டேன். அப்ப நான் என்று கேட்டிருக்க வேண்டும்.

"பாப்பம். உனக்கென்ன, நீ சமாளிப்பாய்."

அந்த வசனத்தை நான் பிறகு பல நாள் யோசித்தேன். நான் எதைச் சமாளித்தேன் என்று அவள் நினைக்கிறாள் என்று தெரியவில்லை. புருசன் போனதை நான் சமாளிக்கவில்லை. அவளுடைய வீட்டுக்கு வந்தேன். அம்மா ஊரில் செத்தபோது சமாளிக்கவில்லை. பியற்றிஸ் என் அறையில் பாய் போட்டுப் படுத்தாள். என் வாழ்க்கையில் சமாளித்தது என்று எதைச் சொன்னாலும் அதற்குப் பக்கத்தில் அவள் இருந்திருக்கிறாள். இதை அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிராது.

ஆறு கிழமைப் பயணம். ஆறு பெட்டி. அவர்கள் போவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், மேசையில் ஆறையும் வரிசையாக வைத்து அடுக்கினேன். மூடியில் ஒன்று, இரண்டு என்று எண் எழுதி ஒட்டினேன்.

முதலாம் இரண்டாம் பெட்டிகளைச் சரியாக அடுக்கினேன். அந்த இரண்டு கிழமையும் அவர்கள் ஜெஸ்ரினுடைய வீட்டில் நிற்பார்கள். அவன் மனைவி பிறேமினி நர்ஸ். பெட்டி தற்செயலாக அவள் கண்ணில் படலாம். ஐந்தாம் ஆறாம் பெட்டிகளையும் சரியாகத்தான் அடுக்கினேன். மூன்றிலும் நாலிலும், இரத்தத்துக்குப் போடுகிற அந்தச் சின்னக் குளிசையை எடுத்துவிட்டு, அதே அளவில், கிட்டத்தட்ட அதே நிறத்தில் இருக்கிற ஒரு விற்றமின் குளிசையை வைத்தேன். எண்ணிக்கை குறையக்கூடாது அல்லவா. காலை நாலு, பின்னேரம் மூன்று. விற்றமினைக் கடைத் தட்டிலிருந்து எல்லாரையும்போலக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

சவிரி அண்ணை வந்து எண்ணிப் பார்த்தார். "சரியாக் கிடக்கு," என்றார்.

நான் அவருக்குக் கெடுதலாக எதையும் கொடுக்கவில்லை. விற்றமின் நல்லது. ஒன்றை வைக்காமல் விட்டேன், அவ்வளவுதான். எத்தனையோ பேர் மறந்துபோய் விடுகிறார்கள். கவுன்டரில் வந்து சிரித்துக்கொண்டு சொல்லுவார்கள். அநேகம் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகிறவர்களுக்கும் பெரும்பாலும் முதலில் சின்னதாகத்தான் வரும். கை கொஞ்சம் விறைக்கும், வாய் கொஞ்சம் கோணும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். அப்படி ஒன்று வந்தால் பியற்றிஸ் பயந்துபோவாள். வீடும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம், அவருடைய டொக்டர் லண்டனில்தான் என்று அடுத்த பிளைட்டில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். வந்த பிறகு நான் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்திருப்பேன். ஒரு சின்ன வாதத்தைவிடக் கூடுதலாக நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். தனிமையாக இருந்தது. அதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டு இரண்டு பங்கை மறுநாளும் மறுநாளும் சாப்பிட்டேன். மீன் வாங்கவில்லை. கீழே ரீவியைப் போட்டுவிட்டு மேலே போய் இருப்பேன், கீழே ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்கட்டும் என்று. ஒரு நாள் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் "ஆர் அது?" என்று நானே கேட்டேன்.

அங்கே பின்னேரமாகிறபோது இங்கே காலை. ஒன்பது மணிக்குச் சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்றபடி இருப்பேன். பியற்றிஸ் வீடியோவில் வருவாள். அவளுக்கு போனைப் பிடிக்கத் தெரியாது. எப்போதும் நெற்றி மட்டும்தான் தெரியும். நெற்றியும் கொஞ்சம் வானமும். நான் அந்த நெற்றியோடு கதைத்துப் பழகிவிட்டேன்.

பலரற்றில் ஓடைத் தண்ணீரில் தட்டை வைத்து அரித்துப் பொன் தேடுகிற இடம் இருந்ததாம். பிள்ளைகள் விளையாடுகிற இடம். சவிரி அண்ணை கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இரண்டு மணித்தியாலம் அங்கேயே குந்திவிட்டாராம். "உந்த மனிசன் எழும்புறார் இல்லை எமி, சின்னப் பிள்ளையள் வந்து சிரிக்குதுகள்," என்று நெற்றி சொன்னது. பின்னால் அவருடைய குரல்: "தங்கச்சிக்கு ஒரு துணிக்கையாவது எடுக்காமல் வரமாட்டன்."

அது மூன்றாம் பெட்டியில் இரண்டாம் நாள்.

மோல்டன் என்ற ஊரில் கடைகளுக்கு முன்னால் மரத்தூண் வைத்த நீளத் தாழ்வாரங்கள். ஒருவரும் இல்லாத வீதியில் பியற்றிஸ் தொப்பியோடு நின்று சிரிக்கிற படம் வந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம். பெண்டிகோவில் நிலத்துக்குக் கீழே சுரங்கம் பார்த்தார்களாம். தலையில் லைட் கட்டின தொப்பியோடு சவிரி அண்ணை நிற்கிற படத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நான் பஸ் தரிப்பில் நின்றேன். அப்போது எனக்கு மனம் சரியில்லாமல் போனது. உண்மையாகவே சொல்கிறேன். அந்தத் தொப்பி அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு வரி போதும். 'ஐந்தாம் பெட்டியை இப்பவே திறந்து பாவியுங்கோ அண்ணை' என்று அனுப்பினால் ஏன் என்று அவர் கேட்க மாட்டார். நான் சொன்னால் செய்வார். அந்த வரியைப் போனில் எழுதினேன். அனுப்புகிற நேரத்தில் பியற்றிஸிடமிருந்து இன்னொரு படம் வந்து விழுந்தது. மோல்டனில் பார்த்த வீடாம். தகரக் கூரை, முன்னால் தாழ்வாரம், ஒரு எலுமிச்சை மரம். தாழ்வாரத்தில் இரண்டு கதிரை. கீழே 'எங்கட வீடு?' என்று எழுதியிருந்தாள்.

கதிரைகளை இரண்டு மூன்று தரம் எண்ணிப் பார்த்தேன். பிறகு நான் எழுதின வரியை அழித்துவிட்டு, 'வடிவாய் இருக்கு' என்று அனுப்பினேன். பஸ் வந்தது, ஏறினேன்.

அதற்குப் பிறகு வைன் ஊர்கள் தொடங்கின. தோட்டங்களில் இலை மஞ்சளாகி விழுகிற காலமாம் அங்கே. கடைசியாகப் போனது வடக்கே ரதர்கிளென் என்ற ஊர். பொன்னுக்காக வந்த ஊர், பொன் போன பிறகு திராட்சையில் பிழைத்த ஊர் என்று சவிரி அண்ணை விளக்கம் சொன்னார். அங்கே ஒரு கறுத்த இனிப்பு வைன் செய்கிறார்களாம்; பூசை வைன் மாதிரி இருக்கிறது, ஆனால் சுவாமியார்மார் இதைக் கண்டால் பூசை முடியாது என்று சிரித்தார். நான் கடைசியாகக் கேட்ட அவருடைய பகிடி அது.

அடுத்த நாள் காலை நான் தேநீர் போட்டுக்கொண்டு நின்றபோது பியற்றிஸ் எடுத்தாள். வீடியோ இல்லை, வெறும் குரல்.

"எமி, ஒண்டுமில்லை, ஒருக்காக் கேக்கிறன். வைன் குடிச்சுப் பாக்கிற இடத்தில இவற்றை கையிலயிருந்து கிளாஸ் விழுந்திட்டுது. வாய் குழறினது. ஒரு பத்து நிமிசம் என்ன சொல்லுறார் எண்டு விளங்கேல்லை. எல்லாரும் பாத்தவை, எனக்கு வெக்கமாப் போச்சு. தபசு முழுக்க விட்டிட்டு இப்ப குடிச்சதில வெறிச்சிட்டுது எண்டு நினைச்சு அறைக்குக் கொண்டு வந்திட்டன். இப்ப நல்லாக் கதைக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகோணுமோ?"

எங்கள் கடையில், என் கவுன்டருக்கு நேர் எதிரே, ஒரு போஸ்டர் இருக்கிறது. முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அம்புலன்ஸைக் கூப்பிடு என்று. அதைப் பார்த்துக்கொண்டு நான் பல வருடம் நின்றிருக்கிறேன். இது குடிவெறியில்லை என்று எனக்குத் தெரியும். அவள் அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். அங்கிருந்த யாரைக் கேட்டிருந்தாலும் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் அவள் எங்கள் ஆள். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற எமில்டாவை ஒருக்காக் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று நினைத்தாள்.

"கை இப்ப தூக்கிறாரோ?" என்று கேட்டேன்.

"ஓம், தூக்கிறார். கொஞ்சம் களைப்பாம்."

நான் எதிர்பார்த்ததுபோலவே சின்னதாக வந்திருந்தது. இனி அவர்கள் திரும்பி வரத்தான் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் பிளைட் ஏற விடமாட்டார்கள். பிறேமினி வந்து நிற்பாள். பிறகு அந்தத் தாழ்வாரத்துக் கதிரைதான். இதையெல்லாம் நான் யோசிக்க எடுத்த நேரம், தேநீர்க் கோப்பையிலிருந்து கரண்டியை எடுத்து வைக்கிற நேரம்தான்.

"தேவையில்லை," என்றேன். "வெறும் வயித்தில இனிப்பு வைன் குடிச்சால் உப்பிடித்தான். தேசிக்காய்த் தண்ணி குடுத்துப் படுக்க விடு. ஆனா இனி அவரைக் கார் ஓட விடாதை. நாளைக்கு நீயே ஓடிக்கொண்டு மெல்பேணுக்குப் போ. ரிக்கற்றை மாத்திக்கொண்டு இஞ்சை வாங்கோ, அவற்றை டொக்டர் பாக்கட்டும். பிள்ளையளுக்கு இப்ப சொல்லிப் பயப்படுத்தாதை."

"நீ சொன்னால் சரி," என்றாள். குரலில் பாரம் இறங்கினது தெரிந்தது. "நீ இல்லாட்டி நான் என்ன செய்வன், எமி."

அந்த வசனத்துக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல ஏலாது. போனை வைத்துவிட்டு அவர்களுடைய அறையைக் கூட்டினேன். கட்டில் விரிப்பை மாற்றினேன்.

மறுநாள் அவள் காரை ஓட்டினாள். சவிரி அண்ணை பக்கத்தில் இருந்தார். இதை அவள் பிறகுதான் எனக்குச் சொன்னாள். சாய்ந்து கண்ணை மூடினாராம், நித்திரை என்று நினைத்தாளாம். எழுப்பாமல், ஆனால் அவருக்குக் கேட்கும் என்று, வழியில் கண்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினாளாம். இஞ்சை பாருங்கோ மஞ்சள் இலை, அங்கை பாருங்கோ செம்மறியள், இது நாங்கள் வந்த பாலம் என்று. நாற்பது நிமிடம். பெற்றோல் அடிக்க நிறுத்தினபோதுதான் தொட்டுப் பார்த்தாள்.

அங்கே டொக்டர்மார் சந்தேகப்படவில்லை. எழுபது வயது, ஏற்கெனவே வருத்தக்காரர். குளிசை ஒழுங்காகப் போட்டாலும் சில பேருக்கு இப்படி வரும் என்றார்களாம். ஒழுங்காகப் போட்டார் என்று பியற்றிஸ் சத்தியம் பண்ணியிருக்கிறாள். அவள் சொன்னது சரி. பெட்டியில் இருந்ததையெல்லாம் அவர் ஒழுங்காகப் போட்டார்.

இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். சவிரி அண்ணையின் உடலை இங்கே கொண்டு வருவார்கள், ஸ்ட்ரெதமில் அவர் ஏற்கெனவே பார்த்து வைத்த இடத்தில் அடக்கம் நடக்கும் என்று நினைத்தேன். ஜெஸ்ரின் மெல்பேணில் தன் பங்குக் கோயிலுக்குப் பக்கத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டான். பூசையின் பதிவை மறுநாள் காலை போனில் பார்த்தேன். பியற்றிஸ் கறுப்பு உடுத்து முன்வரிசையில் இருந்தாள். அன்றைக்கு முழு முகமும் தெரிந்தது. வேறு யாரோ பிடித்த கமரா.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அவரை இஞ்சை தனிய விட்டிட்டு நான் எப்பிடி வாறது?" என்று கேட்டாள். "ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடியப் போய் மெழுகுதிரி கொளுத்திறன். அவர் எனக்காகப் பாத்துக்கொண்டு இருப்பார் எமி."

எங்கள் ஆட்களுக்குச் சேமக்காலை என்றால் இன்னொரு வீடுதான். செத்தவரைத் தனியே விட்டுப் போவதைக் குற்றமென்று நினைப்பார்கள். அதை நான் யோசித்திருக்க வேண்டும். உயிரோடு இருந்திருந்தால் சவிரி அண்ணை அவளை லண்டனுக்குக் கூட்டி வந்திருப்பார்.

ஒரு நாள் அவள் எனக்கு நன்றி சொன்னாள். "நீ அண்டைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் எண்டு சொன்னபடியால்தான் எமி, என்ரை பக்கத்தில, என்ரை குரலைக் கேட்டுக்கொண்டு போனார்," என்றாள். நான் அழுதேன். பொய்யழுகை இல்லை.

அதற்குப் பிறகு தினமும் வந்த அழைப்பு இரண்டு நாளைக்கு ஒன்றானது. பிறகு ஞாயிறு மட்டும். பிறகு ஒரு கட்டைவிரல் படம். வந்து சாமான்களைப் பார்த்து எடு என்று கேட்டேன். "அந்த வீட்டுப் படி ஏற எனக்கு ஏலாது, நீயே கட்டி அனுப்பு," என்றாள். நெஞ்சு நோகிறது என்று பொய் சொல்லியும் பார்த்தேன். "உடனை ஆஸ்பத்திரிக்குப் போ எமி, ஆரையும் கேட்டுக்கொண்டு நிக்காதை," என்றாள். அவளுக்கு இப்போது அது தெரிந்திருக்கிறது. போன மாதம் வீட்டை விற்கப் போகிறோம் என்று ஜெஸ்ரின் சொன்னான். அம்மா வரத் தேவையில்லை அன்ரி, எல்லாக் கையெழுத்தும் இங்கிருந்தே போடலாம் என்றான். பின்னால் பியற்றிஸின் குரல் கேட்டது. "அவள் சமாளிப்பாள் எண்டு சொல்லு."

நேற்றுக் காலை நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்குள் வந்தபோது முன்மேசையில் இருந்த பிள்ளை என் கையில் தகரப் பெட்டியைக் கண்டுவிட்டு, தொலைந்த பொருளா என்று கேட்டாள். அந்தப் பெட்டி இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அதில் மூன்றாம் நாலாம் பெட்டிகளுக்குப் போக வேண்டியிருந்த சின்னக் குளிசைகள் இருக்கின்றன. பதினாலு நாளுக்கு இருபத்தெட்டு. எண்ணிக்கொள்ளுங்கள். நான் அவற்றை எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று கேட்டீர்கள்; அப்போது எனக்கே தெரியவில்லை.

குளிசைகளோடு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியும் இருக்கும். தண்ணீருக்குள் ஊசி முனையளவு பொன் துணிக்கை ஒன்று. பலரற்றிலிருந்து தபாலில் போட்டது, அவர் செத்து ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. லேபலில் 'தங்கச்சிக்கு' என்று சவிரி அண்ணை தன் கையால் எழுதியிருக்கிறார். குளிசைகளை வைத்துக்கொள்ளுங்கள். குப்பி சாட்சியத்துக்குத் தேவையில்லையென்றால் திருப்பித் தாருங்கள்.

ஆக, மூன்றாம் நாலாம் பெட்டிகளை மாற்றியது நான்தான். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். சவிரிமுத்து அண்ணையை நான் கொன்றேன். இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். ஒருவருக்கும் தெரியாத விஷயத்தை ஏழு மாதம் கழித்து ஏன் வந்து சொல்கிறாய் என்று நேற்று இரண்டு தரம் கேட்டீர்கள். மனச்சாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், மொழிபெயர்க்க இலகு.

ஆனால் நீங்கள் மரியாதையாக நடந்தபடியால் உள்ளதைச் சொல்கிறேன். வழக்கு என்று வந்தால் சாட்சி வேண்டும். அந்தப் பெட்டிகளை அடுக்கினது யார், போனில் சொன்னது யார் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள். அவள் அங்கிருந்தே வீடியோவில் சாட்சி சொல்லலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். உங்களுக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு போனைப் பிடிக்கத் தெரியாது. நீதவானுக்கு நெற்றி மட்டும்தான் தெரியும்.

அவள் நேரில்தான் வருவாள். அவர்களுடைய அறையைக் கூட்டி, விரிப்பு மாற்றிவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக் கதவின் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன். ஹீற்றரை மட்டும் முதல் நாளே போட்டுவிடச் சொல்லுங்கள், அவளுக்குக் குளிர் ஏலாது. கோபமாகத்தான் வருவாள். பரவாயில்லை. வருவாள்.